காருக்கு இரண்டு மூக்கு!

பழைய காருக்குப் புது வேகம் கொடுப்பது எப்படி? அதில் உள்ள ஆபத்து என்ன?

காரைக்காலுக்கு வடக்கே பூவம் என்ற கிராமம் இருக்கிறது. தரங்கம்பாடியைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், காரைக்கால் எல்லை இங்கே தொடங்குகிறது. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை இது பிரெஞ்சுக்காரர் ஆண்ட பூமி. இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது.

இந்தச் சாலையில் நாள் முழுவதும் கார்கள் போகின்றன. எல்லாம் புதுக் கார்கள். சத்தமே இல்லாமல் போகின்றன. ஆனால் 50, 60 வயதான பழைய கார் ஒன்று "கர்ர்..." என்று உறுமிக்கொண்டு வந்தால் போதும். டீக்கடையில் இருப்பவர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த உறுமலுக்குக் காரணம் என்ன? என்ஜின் மட்டும் அல்ல. என்ஜினின் பக்கத்தில், இரண்டு கைப்பிடி அளவில் ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. அதன் பெயர் கார்புரேட்டர்.

அது காரின் மூக்கு. அதன் வழியாகத்தான் கார் மூச்சு விடுகிறது. சில கார்களுக்கு ஒரு மூக்கு. பந்தயக் கார்களுக்கு இரண்டு மூக்கு, சிலவற்றுக்கு நான்கு மூக்கும் உண்டு!

அடுப்பில் இருக்கிறது பாடம்

கார்புரேட்டரின் வேலை என்ன? வீட்டுப் பெண்களுக்கு இது எளிதில் புரியும்.

மண்ணெண்ணெய் ஸ்டவ் நன்றாக எரிந்தால் தீ நீலமாக இருக்கும். காற்று குறைந்து எண்ணெய் கூடினால் தீ மஞ்சளாகும். புகை கிளம்பும். பாத்திரத்தின் அடி கறுத்துவிடும். எண்ணெய் குறைந்து காற்று கூடினாலோ, தீ படபடத்து அணையும்.

கார் என்ஜினுக்கும் அதே கதைதான். பெட்ரோல் மட்டும் இருந்தால் எரியாது. அதோடு காற்று சரியான அளவில் கலக்க வேண்டும். 1 கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று!

இந்தக் கலவையைச் செய்வதுதான் கார்புரேட்டர்.

எப்படிச் செய்கிறது? வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பாருங்கள். வாய்க்கால் அகலமாக இருக்கும் இடத்தில் தண்ணீர் மெதுவாகப் போகும். மதகில் இடம் குறுகும்போது வேகமாகப் பாயும். கார்புரேட்டரின் உள்ளேயும் காற்று போகும் வழி ஓரிடத்தில் குறுகுகிறது. அங்கே காற்று வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். அப்போது பக்கத்தில் உள்ள நுண்ணிய துவாரத்திலிருந்து பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டு, பனிப்புகை போலக் காற்றில் கலக்கும். பூச்சி மருந்து அடிக்கும் பம்ப் செய்யும் வேலையும் இதுவே.

குறுகிய வழியில் அழுத்தம் குறையும் என்பதை ஆராய்ந்து 1797-ல் எழுதியவர் வெஞ்சுரி என்ற இத்தாலிய அறிஞர். அப்போது மோட்டார் காரே கிடையாது!

கடைமடைக்குத் தண்ணீர் போதாது!

அது சரி, இரண்டு கார்புரேட்டர் எதற்கு?

காரைக்கால் வட்டாரம் காவிரியின் கடைமடைப் பகுதி. மேலே உள்ள வயல்களுக்குப் பாய்ந்தது போக மீதித் தண்ணீர்தான் கடைசி வயலுக்கு வரும். இந்தக் கஷ்டம் இங்குள்ள விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்.

நான்கு சிலிண்டர் உள்ள என்ஜினிலும் இதே கஷ்டம் உண்டு. நடுவில் ஒரு கார்புரேட்டர். அதிலிருந்து நான்கு பக்கமும் வாய்க்கால். நடுவில் இருக்கும் சிலிண்டர்களுக்குக் கலவை சுலபமாகக் கிடைக்கும். ஓரத்தில் இருக்கும் முதல் சிலிண்டரும் நான்காம் சிலிண்டரும் கடைமடை வயல்கள்! மெதுவாகப் போனால் பாதகமில்லை. வேகமாகப் போகும்போதுதான் மூச்சுத் திணறும்.

இரண்டு கார்புரேட்டர் வைத்தால், இரண்டு சிலிண்டருக்கு ஒன்று வீதம் பங்கு கிடைக்கும். கலவை போகும் தூரமும் குறையும். என்ஜின் தாராளமாக மூச்சு விடும்.

சென்னைக் காரும் சீமைத் தம்பியும்

இதற்கு நல்ல உதாரணம் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற கார் தயாரானது. டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வாங்கிய கார் அது. பிரிட்டனில் 1959-ல் வெளிவந்த "டிரையம்ப் ஹெரால்டு" காரின் மறு உருவம். இத்தாலிய நிபுணர் மிக்கெலோட்டி வரைந்த அழகான உருவம்.

ஹெரால்டுக்கு ஒரு சீமைத் தம்பி உண்டு. 1962-ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அந்தத் தம்பி வெளிவந்தான். பெயர் "ஸ்பிட்பயர்". இரண்டாம் உலகப் போரில் புகழ் பெற்ற போர் விமானத்தின் பெயர் அது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் பந்தயப் பாணிக் கார். இதையும் வரைந்தவர் மிக்கெலோட்டிதான்.

அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே ரத்தம். பிரிட்டனில் விற்ற "ஹெரால்டு 1200" காரிலும், ஸ்பிட்பயரிலும் இருந்தது 1,147 சி.சி. அளவுள்ள அதே என்ஜின். ஆனால் சக்தியில் எவ்வளவு வித்தியாசம்!

ஹெரால்டு 1200-க்கு 39 குதிரைச் சக்தி. ஸ்பிட்பயருக்கு 63 குதிரைச் சக்தி!

அண்ணனுக்கு ஒரே ஒரு கார்புரேட்டர். "சோலெக்ஸ்" என்ற பிரெஞ்சுப் பெயர் கொண்டது. தம்பிக்கு "எஸ்.யு." கார்புரேட்டர் இரண்டு.

ஆனால் அவசரப்படக் கூடாது. அந்த 24 குதிரையையும் கார்புரேட்டர் மட்டுமே கொண்டு வரவில்லை. ஸ்பிட்பயரின் என்ஜினில் கலவையை இன்னும் அதிகமாக நெருக்கி அழுத்தும்படி செய்திருந்தார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் புகை வெளியேறும் குழாயையும் மாற்றியிருந்தார்கள். மூக்கைப் பெரிதாக்கினால் மட்டும் பயில்வான் ஆக முடியுமா? நெஞ்சும் விரிய வேண்டும்.

செருப்புக் கடையில் பிறந்தது

எஸ்.யு. கார்புரேட்டரின் பிறப்பே ஒரு விந்தை. "எஸ்.யு." என்றால் "ஸ்கின்னர்ஸ் யூனியன்". பிரிட்டனில் பெரிய அளவில் பூட்ஸ், செருப்பு வியாபாரம் செய்த குடும்பம் ஸ்கின்னர் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பவருக்குச் செருப்பை விட மோட்டார் மேல்தான் ஆசை அதிகம். சுமார் 1905-ல் அவர் புதுவிதக் கார்புரேட்டர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் உள்ளே இருந்தது என்ன தெரியுமா? கொல்லன் பட்டறையில் இருப்பது போல ஒரு தோல் துருத்தி! செருப்புக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா?

பிறகு துருத்தி போய், உலோக பிஸ்டன் வந்தது. என்ஜின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் மேலே எழும். அதோடு சேர்ந்து, கூராகச் சீவிய ஊசி ஒன்றும் மேலே எழும். ஊசி எழுந்தால் துவாரம் பெரிதாகும். பெட்ரோல் அதிகமாக வரும். காற்று குறைந்தால் பிஸ்டனும் ஊசியும் கீழே இறங்கும். தேவைக்கு ஏற்றபடி தானே அளந்து கொடுக்கும் யுக்தி இது.

இத்தாலியில் எடோர்டோ வெபர் என்பவர் இன்னொரு வழி கண்டார். 1923-ல் போலோனா நகரில் தொழில் தொடங்கினார். ஒரே உடலில் இரண்டு தொண்டை வைத்த கார்புரேட்டர்களால் புகழ் பெற்றார். உலகப் பந்தயக் கார்கள் பல அவற்றைப் பொருத்தி ஓடின. நான்கு சிலிண்டர் காரில் இப்படி இரண்டு வைத்தால், சிலிண்டருக்கு ஒரு தொண்டை ஆகிவிடும். ஆனால் வெபரின் முடிவு மர்மமாகவே இருக்கிறது. 1945 மே மாதம் அவர் காணாமல் போனார். திரும்பி வரவே இல்லை.

பொருத்துவது எப்படி?

பழைய ஹெரால்டில் இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் பொருத்துவது, கைதேர்ந்த மெக்கானிக்குக் கூடப் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

ஹெரால்டில் ஒரு வசதி உண்டு. முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்!

முதல் வேலை, பேட்டரி வயரைக் கழற்றுவது. பிறகு பழைய கார்புரேட்டரையும், அது உட்கார்ந்திருக்கும் மேனிபோல்டு குழாயையும் எடுக்க வேண்டும். மேனிபோல்டு ஒட்டும் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, புது கேஸ்கட் வைக்க வேண்டும். இங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் வேண்டாத காற்று உள்ளே புகும். கலவை கெட்டுவிடும்.

அடுத்து, இடம் போதுமா என்று பார்க்க வேண்டும். புதிய கார்புரேட்டர் உயரமானது. பானெட்டை மூடினால் இடிக்குமா? இதற்குக் கெட்டிக்கார மெக்கானிக்குகள் எளிய வழி வைத்திருக்கிறார்கள். கார்புரேட்டரின் தலையில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறப்பார்கள். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ, அதிலிருந்து மீதி இடம் தெரிந்துவிடும்.

பிறகு ஆக்ஸிலரேட்டர் கம்பி. காலால் மிதித்தால் இரண்டு கார்புரேட்டரின் கதவும் ஒரே நொடியில் திறக்க வேண்டும். காலை எடுத்தால் ஒரே நொடியில் மூட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்பிரிங் போடுவது நல்லது. ஒன்று அறுந்தாலும் மற்றது காப்பாற்றும்.

காதால் அளக்கும் வித்தை

எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஆனால் வேலை முடியவில்லை. இனிமேல்தான் உண்மையான வித்தை!

இரண்டு மூக்கும் ஒரே அளவில் மூச்சு இழுக்க வேண்டும். ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுத்தால், என்ஜின் நொண்டி மாட்டு வண்டி போலக் குலுங்கும். மெக்கானிக் ரப்பர் குழாய் ஒன்றை எடுப்பார். ஒரு முனையைக் காதில் வைப்பார். மறுமுனையை முதல் கார்புரேட்டரின் வாயில் காட்டுவார். "ஸ்ஸ்..." என்று சத்தம் கேட்கும். பிறகு இரண்டாவதில் காட்டுவார். இரண்டு சத்தமும் ஒன்றாகும் வரை திருகைத் திருப்புவார். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சைப் பார்ப்பது போலத்தான்!

அடுத்து, பெட்ரோல் அளவு. பிஸ்டனை ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்ப்பார். என்ஜின் வேகம் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம். வேகம் குறைந்து நிற்கப் போனால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழையபடி ஆனால் கலவை சரி.

கடைசியில் ஸ்பார்க் பிளக் சாட்சி சொல்லும். அதன் முனை கரியாக இருந்தால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் குறைவு. வெளுத்த பிளக்கோடு வேகமாக ஓட்டினால் என்ஜின் சூடேறி பிஸ்டனே கருகலாம். வெந்த செங்கல் போன்ற பழுப்பு நிறம் இருந்தால் கவலை இல்லை.

நெருப்போடு விளையாட்டு

இந்த வேலையில் உயிருக்கே உலை வைக்கும் விஷயம் ஒன்று உண்டு. குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹெரால்டு என்ஜினில் கார்புரேட்டரும், புகை போகும் எக்ஸாஸ்ட் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் நெருப்பாய்க் கொதிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் சின்னத் தொட்டி இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது போல அதிலும் ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழுந்து வழியை அடைக்கும். அங்கே ஒரு தூசி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வழி அடைபடாது. பெட்ரோல் பொங்கி வழியும். அது கொதிக்கும் குழாயில் விழுந்தால்...?

ஆகவே இரண்டுக்கும் நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் தகடு கட்டாயம் வேண்டும். வழியும் பெட்ரோலை ஒரு குழாய் மூலம் எக்ஸாஸ்டுக்கு எட்டாத இடத்தில் விட வேண்டும். பெட்ரோல் பம்ப்பிலிருந்து வரும் வழியில் வடிகட்டி வேண்டும். அழுத்தம் அதிகமான பம்ப்பைப் பொருத்தினால் மிதவை தாங்காது. கண்ட கண்ட ரப்பர் குழாயை மாட்டக் கூடாது.

ஓடும்போது பெட்ரோல் வாடை அடித்தால், "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்கவே கூடாது. உடனே ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, குழந்தைகளை இறக்கிவிட வேண்டும். தீப்பிடித்துவிட்டால் பானெட்டை அகலமாகத் திறக்கக் கூடாது. காற்று புகுந்து தீ வளரும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். சின்னத் தீ என்றால் பொடித் தீயணைப்பான் உதவும். பெரிய தீ என்றால் விலகி நின்று தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும். காரை வாங்கலாம், உயிரை வாங்க முடியாது.

உப்புக் காற்றும் புதுப் பெட்ரோலும்

பூவம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு எதிரியும் உண்டு. அது உப்புக் காற்று. ஸ்பிரிங், கம்பி, இரும்புக் குழாய் எல்லாவற்றையும் அது துருப்பிடிக்க வைக்கும். துருத்தூள் கார்புரேட்டருக்குள் போனால் துவாரம் அடைபடும்.

இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் நாட்டில் விற்பனைக்கு வந்து, பரவலாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரில் தொட்டிக்குள்ளேயே துரு பிடிக்கும். எத்தனாலில் பிராண வாயு கலந்திருப்பதால் கலவையில் எரிபொருளின் பங்கு குறைந்துபோகும். எனவே பழைய அளவில் விட்டுவைக்காமல், கார்புரேட்டரை மறுபடி சரிபார்க்க வேண்டும். எத்தனால் தாங்கும் புதிய குழாய்களையே போட வேண்டும்.

பிரேக் தாங்குமா? சட்டம் விடுமா?

வேகம் கூட்டுவது எளிது. நிறுத்துவது?

ஸ்பிட்பயர் மணிக்குச் சுமார் 145 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடியது. அதனால் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். நம் ஹெரால்டில் இருந்தது டிரம் பிரேக். பின் சக்கரங்களின் அமைப்பும் வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்ளே மடங்கக் கூடியது. தம்பியின் மூக்கை அண்ணனுக்கு வைத்துவிட்டு, பிரேக்கை மறந்தால் விபரீதம்தான்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. 50 வயது கடந்த கார்களை "விண்டேஜ்" கார்களாகப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. அதற்குக் கார் தன் அசல் உருவில் இருக்க வேண்டும். என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஆகவே கழற்றிய பழைய கார்புரேட்டரைக் காயலான் கடையில் போடாமல் பத்திரமாக வைப்பவர்தான் புத்திசாலி.

வேகத்துக்கு ஓர் இடம்

வேகத்தில் ஆசை உள்ளவர்கள் என்ன செய்வது? அதற்கென்று தனி இடம் உண்டு.

சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது போட்ட சோழவரம் விமானத் தளத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். வீதியில் ஓடிய அதே பியட்டும் ஹெரால்டும் அங்கே பந்தயக் கார்களாக மாறி ஓடின. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஆகவே கிடைத்ததை வைத்து, ராவியும் கடைந்தும் நம் மெக்கானிக்குகளே வேகத்தை உண்டாக்கினார்கள். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தது.

கோயம்புத்தூர் கரிவர்தன், மாருதி 800 காரின் சின்ன என்ஜினை வைத்து, குறைந்த செலவில் பந்தயக் கார் தயாரித்தார். அதுதான் "பார்முலா மாருதி". அதில் பழகிய இளைஞர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. தன் கார்களில் பழகிய பிள்ளை உலக மேடை ஏறியதைப் பார்க்கக் கரிவர்தனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மறையும் தொழில்

இன்று புதுக் கார்களில் கார்புரேட்டர் கிடையாது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு, புதிய மோட்டார் சைக்கிள்களிலும் அது ஏறத்தாழ மறைந்துவிட்டது. புகையும் குறைந்தது. பெட்ரோலும் மிச்சமானது. நல்லதுதான்.

ஆனால் ரப்பர் குழாயைக் காதில் வைத்து என்ஜினின் மூச்சை அளக்கும் வித்தை? அதை எந்தக் கம்ப்யூட்டரும் பட்டறைப் பையனுக்குக் கற்றுக் கொடுப்பதில்லை. ஒரு மேஸ்திரியின் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். தலை நரைத்த மேஸ்திரிகள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கை ஓய்வதற்குள் பக்கத்தில் போய் நிற்கும் பிள்ளை பாக்கியசாலி.

பழைய கார் வைத்திருப்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்கலாம். முதலில் பிரேக், அடுத்து பெட்ரோல் குழாய், வேகம் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறாமல் இருந்தால், பாட்டனார் ஓட்டிய காரில் பேரனும் பத்திரமாகப் போய் வரலாம்.